பிள்ளைத்தமிழில் ஆண் விளையாட்டும் பெண் விளையாட்டும்

பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்த வகை பற்றி எழுந்த ஆராய்ச்சிகள் பலவாகும். அவற்றுட் பெரும்பாலானவை அந்நூல்களின் தோற்றம், வளர்ச்சி, யாப்பமைதி, சந்தநயம், பத்திச்சுவை என்பனவற்றையே பொருளாகக் கொண்டன. பிள்ளையைப் பாடும் இலக்கியத்திற் பிள்ளை எவ்வாறு காணப்படுகின்றது என்னும் வினா அத்துணை வினவப்படவில்லை. ஆணும் பெண்ணுமாகிய குழந்தைகளின் விளையாட்டையும், அவர்தம் தோழமையையும், ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ளும் இயல்பையும் இப்பிரபந்தம் எங்ஙனம் காட்டுகின்றது, அக்காட்சி உண்மையோடு எத்துணைப் பொருந்தும் என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சி புலவர்க்கு மட்டும் உரியதன்று, ஆசிரியர்க்கும் உரியது. பிள்ளைத்தமிழ்ச் செய்யுட்களைக் கற்பிக்கும் நாமே, ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் ஓரிடத்திற் கூடி விளையாடும் கலவன் பாடசாலை முற்றங்களையும் மேற்பார்வை செய்கின்றோம். ஏட்டிற் சுவையாகக் கொள்ளும் ஒன்றை முற்றத்திற் காணுமிடத்தும் சுவையாகவே கொள்ளும் மயக்கம் நம்மிடை உண்டு. அம்மயக்கத்தின் பயனை அநுபவிப்போர் குழந்தைகளேயாவர்.

பிள்ளைத்தமிழ் பத்துப் பருவங்களை உடையது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் இருபாற்கும் பொது. எட்டாம் பருவத்தில் வழி இரண்டாகப் பிரிகின்றது. ஆண்பாற் பிள்ளைத்தமிழ் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்னும் மூன்றையும், பெண்பாற் பிள்ளைத்தமிழ் அம்மானை, நீராடல், ஊசல் என்னும் மூன்றையும் கொண்டு முடியும். பெண்பாற்குரிய பருவங்களை வரையறுப்பதிற் பாட்டியலாரிடையே ஒருமைப்பாடு இல்லை; கழங்கு முதலியவற்றைச் சேர்த்துக் கூறுவாரும் உளர். எனினும், இறுதிப் பருவங்களில் இருபாலும் வேறாதல் வேண்டும் என்பதில் அவர்கள் உடன்பட்டனர்.

இவ்வைப்புமுறையில் ஒரு நுட்பம் உண்டு. தவழ்ந்து தலையசைத்தல், தாலாட்டுக் கேட்டல், கைகொட்டல், முத்தமளித்தல், தளர்நடையிட்டு வருதல் ஆகிய யாவும் குழந்தைக்கும் அதனை வளர்ப்போர்க்கும் இடையே நிகழ்வன. இவற்றிற் புலவர் ஆண் பெண் வேற்றுமை காணவில்லை. நடைபயின்ற குழந்தைக்கு விளையாட்டுத் துணை வேண்டும் என்னும் எண்ணம் முதன்முதல் எழுவது அம்புலிப் பருவத்திலேயாம். அதனையடுத்த பருவத்திலேயே ஆண் பெண் என்னும் பிரிவு தோன்றுகின்றது. குழந்தை தனித்திருக்குங்காற் புலப்படாத வேற்றுமை, அது பிறரோடு கூடுங்காற் புலப்படும் என்பது இவ்வைப்பினாற் பெறப்படும். இதனைப் புலவர்கள் எண்ணிச் செய்தனர் என்று கூறுதற்குச் சான்றில்லை. ஆயினும் இக்கருத்தை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

இனி, இவ்விளையாட்டுக்களின் இயல்பை நோக்குவாம். ஆண்பிள்ளை பிறர் கட்டிய மணல்வீட்டைக் காலாற் சிதைக்கின்றான், பறையை முழக்குகின்றான், தேரை வீதியில் உருட்டுகின்றான். பெண்பிள்ளை அம்மானைக் காய்களை எறிந்து பிடிக்கின்றாள். ஆற்றிலே தோழியரோடு நீராடுகின்றாள். ஊசலில் அமர்ந்து ஆடுகின்றாள். முன்னையவற்றில் ஓசையும் விரைவும் பிறரிடத்துட் புகுதலும் உள. பின்னையவற்றில் அளவும் ஒழுங்கும் கூட்டமும் உள. இவை குழந்தையரைக் கண்டு எழுதியனவா என்னும் ஐயம் இங்கு எழுகின்றது.

ஐயத்தைத் தீர்க்க உதவுவது பிள்ளைத்தமிழின் வரலாறே. இன்று முழுமையாகக் கிடைக்கும் பிள்ளைத்தமிழ் நூல்களுட் பழமையானது 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்க சோழன்மீது பாடியதாகும். அரசனைக் குழந்தையாகப் பாவித்துப் பாடும் நூலில், அரசனுக்குரிய முரசம் சிறுபறையாகவும், அவன் ஊரும் தேர் சிறுதேராகவும், அவன் பகைவர் அரணை அழித்தல் சிற்றில் சிதைத்தலாகவும் சுருங்கி நிற்றல் இயல்பே. பெண்பாற் பருவங்களோ அகப்பாடல்களிற் கன்னியர் ஆடும் ஊசலையும் புனலாட்டையும் சிறுமியர்க்கு ஏற்றிக் கூறுவன. ஆகவே, இவ்விளையாட்டுக்களிற் பெரும்பகுதி முதியோர் வாழ்க்கையிலிருந்து குழந்தைமீது இறக்கப்பட்டது எனலாம். குழந்தை என்னவாக இருக்கின்றது என்பதினும், அது வளர்ந்து என்னவாதல் வேண்டும் என்பதே இப்பருவங்களிற் பேசப்படுகின்றது.

இவ்வரையறை எத்துணை வன்மையுடையது என்பதைக் குமரகுருபர அடிகளின் நூல்கள் இரண்டையும் ஒப்புநோக்கி அறியலாம். 17ஆம் நூற்றாண்டினராகிய அடிகள் மதுரை மீனாட்சியம்மை மீது பெண்பாற் பிள்ளைத்தமிழும், புள்ளிருக்குவேளூர் முத்துக்குமார சுவாமி மீது ஆண்பாற் பிள்ளைத்தமிழும் பாடினார். மீனாட்சியம்மை யார்? மலயத்துவச பாண்டியன் வேள்வித் தீயினின்று தோன்றி, ஆண்மகனைப்போலப் படைக்கலப் பயிற்சி பெற்று, முடிசூடி, திக்குவிசயம் செய்த தடாதகைப் பிராட்டி என்பது திருவிளையாடற் புராணம் கூறும் வரலாறு. அவ்வெற்றிச் சிறப்பை அடிகள் மறந்தாரல்லர். தம் நூலில் அதனை எடுத்து ஏத்துகின்றார். ஆயினும், எட்டாம் பருவம் வந்ததும் அத்தலைவியின் கையில் அம்மானையே கொடுக்கப்படுகின்றது. உலகை வென்ற அரசிக்குச் சிறுபறையும் இல்லை, சிறுதேரும் இல்லை. தலைவியின் வரலாறு ஒன்று சொல்ல, பாட்டியல் விதி மற்றொன்று சொல்லுமாயின், விதியே வெல்லும். அடிகளின் கவித்துவம் அவ்விதியுள் நின்றே ஒளிர்கின்றது என்பதில் ஐயமில்லை. நாம் கூறவந்தது, அவ்விதி குழந்தையின் இயல்பினின்றும் பிறந்ததன்று என்பதே.

நம் ஆலய வழக்கு இதனை மேலும் தெளிவாக்கும். யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே திருவூஞ்சற் பாடல் பாடப்படாத கோயில் அரிது. பிள்ளையாரும் முருகனும் வைரவரும் அம்மனைப் போன்றே ஊஞ்சலில் எழுந்தருளி ஆடக் காண்கின்றோம். அவ்வாறே, தேர்த்திருவிழா நல்லூர்க் கந்தனுக்கு மாத்திரம் உரியதன்று. நயினாதீவு நாகபூசணி அம்மனும் தெல்லிப்பழைத் துர்க்கை அம்மனும் தேரேறி வீதிவலம் வருகின்றனர். வழிபாட்டில் ஊசல் பெண்பாற்கும் தேர் ஆண்பாற்கும் என்று எவரும் வரையறுக்கவில்லை. பாட்டியல் வகுத்த வேலியைப் பக்தர் கூட்டம் பொருட்படுத்தாது கடந்து சென்றிருக்கின்றது.

பாட்டியலுக்கு முற்பட்ட இலக்கியத்திலும் அவ்வேலி இத்துணை உறுதியாக இல்லை. குறுந்தொகையில் மோதாசனார் பாடிய 229ஆம் செய்யுளைக் காண்க. உடன்போக்கிற் செல்லும் காதலரை இடைச்சுரத்திற் கண்டோர், அவ்விருவரும் சிறுவராயிருந்த காலத்தை நினைந்து பேசுகின்றனர். அவன் அவள் கூந்தலைப் பற்றி இழுக்க, அவள் அவன் தலைமயிரைப் பற்றி இழுக்க, செவிலியர் இடைநின்று தடுத்தும் அடங்காது ஓயாமற் சண்டையிட்ட பிள்ளைகள் அவர்கள் என்பது அவர் கூற்று. இங்கே அடிப்பவன் ஆண், அழுபவள் பெண் என்னும் பாகுபாடு இல்லை. இழுப்பும் எதிரிழுப்பும் ஒத்த அளவின.

புறநானூற்று 243ஆம் செய்யுள் இன்னொரு காட்சியைத் தருகின்றது. கோலூன்றி இருமிக்கொண்டு நடக்கும் முதியவர் ஒருவர் தம் இளமையை எண்ணி இரங்குகின்றார். மணலிற் செய்த பாவைக்குப் பூச்சூட்டிய சிறுமியரோடு கைகோத்துக் குளத்தில் ஆடியதும், ஒளிவுமறைவு அறியாத அக்கூட்டத்தோடு கூடித் திரிந்ததும், மருதமரக் கிளையினின்று மடுவிற் குதித்து அடிமணலை அள்ளிவந்ததும் அவர் நினைவில் எழுகின்றன. மரத்தினின்று குதிக்கும் துணிவும், சிறுமியரோடு கைகோத்தாடும் நட்பும் ஒரே சிறுவனிடத்து அமைந்திருந்தன. பிள்ளைத்தமிழ் ஆண்பிள்ளைக்குச் சிறுமியரோடு கூடிய இத்தகைய விளையாட்டு ஒன்றும் இல்லை. இஃது அப்பிரபந்தத்தின் பெருங்குறை எனக் கூறலாம்.

எனினும், ஆணும் பெண்ணும் எதிர்ப்படும் இடம் ஒன்று ஆண்பாற் பிள்ளைத்தமிழில் உண்டு. அதுவே சிற்றிற் பருவம். இங்கே பேசுவோர் சிறுமியர். தாம் முயன்று கட்டிய மணல்வீட்டைக் காலாற் சிதைக்க வரும் தலைவனிடம் அதனைச் சிதையாதே எனப் பத்துப் பாட்டாலும் வேண்டுகின்றனர். பெண்பாற் பருவங்கள் மூன்றனுள் எதுவும் ஆண்பிள்ளையின் வரவால் அமைவதன்று. அம்மானையும் ஊசலும் சிறுமியராலேயே நிறைவுபெறுகின்றன. ஆண்பாற் சிற்றிற் பருவமோ சிறுமியர் இன்றி அமையாது. வீடு அவருடையது, மொழியும் அவருடையது, அழிக்கும் கால் மட்டுமே தலைவனுடையது.

இத்துறையின் வேர் மிகப் பழையது. கலித்தொகையிற் கபிலர் பாடிய 51ஆம் செய்யுளின் தலைவி, தெருவிலே மணற்சிற்றிலைக் காலாற் சிதைத்து, சூடிய மாலையைப் பறித்து, பந்தைக் கவர்ந்தோடித் துன்புறுத்திய குறும்பனைப் பற்றித் தோழியிடம் கூறுகின்றாள். அவனே பின்னர் நீர்வேட்கை எனச் சொல்லி வீட்டிற்கு வந்து அவள் கையைப் பற்றியபோது அவள் அலறுகின்றாள். தாய் ஓடிவந்து வினவ, நீர் விக்கினான் என்று கூறி அவனைக் காக்கின்றாள். சங்கச் செய்யுட்களுள் நாடகச்சுவை மிக்கது இது. ஆயின், சிறுவன் செய்த தீங்கைச் சிறுமி மறைத்துப் பேசுவதே காதலின் தொடக்கமாகக் காட்டப்படுகின்றது என்பதையும் கற்போர் கவனித்தல் வேண்டும்.

பின்னர் ஆண்டாள் நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகம் முழுவதையும் இப்பொருளிலேயே பாடினார். பெண்ணொருத்தி சிறுமியரின் வாயாக நின்று பாடிய பதிகம் ஆதலின் அதன் மதிப்புப் பெரிது. முதுகு நோவ இழைத்த வீடு என உழைப்பின் அருமையை எடுத்துரைக்கும் அச்சிறுமியரின் சினம் போலிச் சினமன்று. அதேவேளை, அழிக்க வருபவன் கண்ணனாதலால், அவன் வரவை அவர் விரும்புதலும் உண்மையே. கடவுள் சிதைக்கும் சிற்றில் இவ்வுலகமே என்றும், உயிர் தனக்கெனக் கட்டிக்கொண்ட பற்றே என்றும் சமயநெறி நின்று பொருள் கொள்வார் கொள்வர். அப்பொருள் ஆழமானது, அதனை மறுப்பது நம் கருத்தன்று. அது கடவுளுக்கே பொருந்தும் என்பதே நம் கருத்து.

சிற்றிற் பருவத்தின் அமைப்பில் எளிதிற் புலப்படாத ஓர் இயல்பு உண்டு. பத்துப் பாட்டும் வேண்டுகோளாகவே அமைய, அவற்றுக்குத் தலைவன் கூறும் மறுமொழி ஒரு வரிதானும் இல்லை. சிறுமியர் புகழ்ந்து வேண்டுகின்றனர், காரணம் காட்டி வேண்டுகின்றனர், இரங்கி வேண்டுகின்றனர். பாட்டுக்குப் பாட்டு நயம் மிகுகின்றது. கால் நின்றதா, வீடு எஞ்சியதா என்பதைச் சொல்வதற்கு இப்பிரபந்தத்தில் இடமே இல்லை. பத்தாம் பாட்டு முடிந்ததும் பறையோசை கேட்கத் தொடங்கிவிடும்.

குழந்தை உளவியலார் கண்டறிந்த ஒன்றை இதனோடு ஒப்பிடல் தகும். அமெரிக்க உளவியலாராகிய கரல் ஜாக்லின், எலினோர் மக்கோபி என்னும் இருவரும் 1978ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில், ஏறத்தாழ 33 திங்கள் அகவையினரும் ஒருவரையொருவர் முன்னர் அறியாதவருமாகிய குழந்தைகளை இருவர் இருவராக ஓர் அறையில் விளையாடவிட்டு நோக்கினர். சிறுமி ஒருத்தி வேண்டாம் என வாயாற் கூறித் தடுத்தபோது, எதிரே இருந்தவள் சிறுமியாயின் அச்சொல்லுக்குச் செவிசாய்த்தாள். சிறுவனாயின் அச்சொல் பெரும்பாலும் பயன்படவில்லை. சிறுவனோடு இணைக்கப்பட்ட சிறுமியர் பலர் விளையாட்டுப் பொருள்களை அவனிடம் விட்டு ஒதுங்கி நின்றனர். அத்தகைய சிறுமியரே தம்மொத்த சிறுமியரோடு இருந்தபோது அவ்வாறு ஒதுங்கவில்லை என்பதே இங்கு முக்கியமானது. ஒதுங்குதல் பெண்மையின் பிறவிக்குணமாயின், அது துணையின் பாலுக்கேற்ப மாறுதற்கு நியாயமில்லை.

லிசா சேர்பின் என்பாரும் அவர்தம் உடனாய்வாளரும் 1980களின் முற்பகுதியில் முன்பள்ளிக் குழந்தைகளிடத்து நடத்திய ஆய்வு இதனைத் தொடர்கின்றது. மூன்றரை வயதுக்கும் ஐந்தரை வயதுக்கும் இடைப்பட்ட காலத்தில், பிறரைத் தம்வழிப்படுத்தச் சிறுமியர் பணிவான வேண்டுகோளையே மேன்மேலும் கையாண்டனர். சிறுவரோ நேரடியான ஏவலைக் கையாண்டனர். அக்கால அளவிலேயே பணிவான வேண்டுகோளுக்குச் சிறுவர் செவிசாய்த்தலும் குறைந்து சென்றது. ஆகவே சிறுமியர் கற்றுக்கொண்ட மொழி, சிறுவர்முன் நாளுக்குநாள் வலிவிழந்தது.

இவற்றைப் படிப்போர்க்குச் சிற்றிற் பருவம் புதிய பொருள் தரும். நயமாக வேண்டும் சிறுமியரையும், மறுமொழி கூறாத சிறுவனையும் நம் புலவர்கள் கற்பனையாற் படைத்தாரல்லர். தெருவிற் கண்டே பாடினர் எனலாம். சிறுபறையும் சிறுதேரும் அரசவையிலிருந்து வந்தன. சிற்றிலோ மணலிலிருந்து வந்தது. அதனாலேதான் அது சங்க காலந்தொட்டுப் பாடுபொருளாக நிலைத்தது. ஆயின், கண்ட உண்மையை அவர்கள் தீங்கு என்று கொள்ளாது இன்பம் என்று கொண்டனர். ஒருத்தியின் சொல் ஒருவன் செவியில் ஏறாமை அவர்க்குச் சந்தநயத்துக்குரிய வாய்ப்பாயிற்று. நாம் பிள்ளைத்தமிழின்மேற் கூறும் முதன்மையான குறை இதுவே.

அடுத்துத் தோழமை பற்றியும் ஏற்றுக்கொள்ளப்படுதல் பற்றியும் சிறிது கூறுதல் வேண்டும். பிள்ளைத்தமிழ்க் குழந்தைக்கு விளையாட்டுத் தோழனாக வெளிப்பட அழைக்கப்படுபவன் அம்புலி ஒருவனே. அவனைச் சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நால்வகை உபாயத்தாலும் அழைத்தல் மரபு. நீயும் இவனும் ஒப்புடையீர் என்றும், நீ இவனினும் தாழ்ந்தாய் என்றும், வந்தால் இன்னது பெறுவாய் என்றும், வாராவிடின் தண்டனை உண்டு என்றும் கூறுவர். ஒரு குழந்தை மற்றொரு குழந்தையை விளையாட்டிற் சேர்க்கவோ விலக்கவோ கையாளும் வழிகள் யாவும் இந்நான்கில் அடங்கும் என்பதை, போளை அடிக்கும் கூட்டத்தையும் கொக்கான் வெட்டும் கூட்டத்தையும் ஒரு பொழுது நின்று பார்ப்பவர் ஒப்புவர். ஆயின், அம்புலிப் பருவத்தில் அவ்வுபாயங்களைக் கையாள்வது குழந்தையன்று, வளர்ப்போரேயாவர். குழந்தைக்குத் தோழனைத் தேடித்தருவதும், மறுப்பின் வெகுள்வதும் அவர் தொழிலாகின்றன.

இதனால் விளைவது யாதெனில், பிள்ளைத்தமிழில் விலக்கப்பட்ட குழந்தை ஒன்றேனும் இல்லை என்பதாம். பாட்டுடைத் தலைவன் யாவர்க்கும் இனியன். தலைவியைச் சூழ்ந்த தோழியர் யாவரும் அன்புடையர். உண்மை வகுப்பறை அத்தகையதன்று. ஜே. எல். மொரேனோ 1934ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், நியூயோர்க் நகரப் பாடசாலைப் பிள்ளைகளை, உன் அருகில் யார் இருத்தலை விரும்புகின்றாய் என வினவிப் பெற்ற விடைகளைத் தொகுத்தார். பலராலும் விரும்பப்படுவோரும் ஒருவராலும் விரும்பப்படாதோரும் ஒவ்வொரு வகுப்பிலும் இருத்தலையும், பாலர் வகுப்பில் ஓரளவு காணப்பட்ட ஆண் பெண் நட்பு அடுத்துவரும் வகுப்புக்களிற் குறைந்து செல்லுதலையும் அவர் கண்டார். 1982இல் கோய் முதலியோர், ஒருவராலும் பொருட்படுத்தப்படாத பிள்ளையும் பலராலும் வெறுக்கப்படும் பிள்ளையும் ஒரு தன்மையர் அல்லர் எனப் பிரித்துக் காட்டினர். ஓசையின்றி மூலையில் இருப்பவரைக் காணத் தவறும் ஆசிரியர்க்கு இப்பாகுபாடு பயன்படும்.

சிறுமியர் கூட்டம் பூசலற்றது என்னும் பிள்ளைத்தமிழ்க் காட்சியும் ஆராய்தற்குரியது. அடித்தலும் தள்ளுதலும் சிறுவரிடத்தே மிகுதி என்பது பல ஆய்வுகளால் உறுதிப்பட்டது. ஆயின், பேசாதிருத்தல், கூட்டத்தினின்று நீக்குதல், புறங்கூறுதல் என்பனவும் பிறரை வருத்தும் செயல்களே என்று 1995இல் கிரிக், குரொட்பீட்டர் என்னும் இருவர் எடுத்துக்காட்டினர். அவை சிறுமியரிடத்து மிகுதி எனவும் கூறினர். உடனே, சிறுவர் கையாற் புடைப்பர், சிறுமியர் நாவாற் புடைப்பர் என்னும் முடிபு பலராலும் பேசப்பட்டது. 2008இல் 148 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய கார்ட் முதலியோர், இவ்விரண்டாம் வகைத் தீங்கில் ஆண் பெண் வேற்றுமை பொருட்படுத்தத் தக்கதன்று எனக் கண்டனர். எனவே, ஊசலாடும் தோழியர் யாவரும் இனியர் என்ற பழங்காட்சியும், சிறுமியர் யாவரும் மறைவிற் கடியர் என்ற புதுக்காட்சியும் ஒருங்கே தவறாகின்றன.

இவற்றாற் பெறப்படுவது, வேற்றுமை தனிக்குழந்தையுள் இருப்பதினும் கூட்டத்துள்ளே மிகுதியாக இருக்கின்றது என்பதாம். மக்கோபி 1998இல் எழுதிய நூலின் மையக்கருத்தும் இதுவே. அவரும் ஜாக்லினும் 1987இல் வெளியிட்ட கணக்கின்படி, நாலரை வயதுக் குழந்தைகள் எதிர்ப்பாலாரோடு கழிக்கும் நேரத்தைப் போல ஏறத்தாழ மும்மடங்கு நேரத்தைத் தம் பாலாரோடு கழித்தனர். ஆறரை வயதில் அது பதினொரு மடங்காயிற்று. இத்துணை விரைவாக வளர்வதைப் பிறவியின் வினை என்று மட்டும் கொள்ளல் அரிது. பாரி தோர்ண் 1993இல் எழுதிய நூல் இதற்கு ஒரு திருத்தம் கூறுகின்றது. கலிபோர்னியா, மிச்சிகன் மாநிலங்களின் ஆரம்பப் பாடசாலைகளில் நெடுநாள் இருந்து நோக்கிய அவர், சிறுமியர் விளையாட்டினுட் புகுந்து குலைக்கும் சிறுவரை அங்கும் கண்டார். அதனோடு, பலர் பார்த்திருக்கும் பாடசாலை முற்றத்திற் பிரிந்து நிற்கும் பிள்ளைகளே, அயல்வீடுகளில் ஆணும் பெண்ணுமாகக் கூடி விளையாடினர் என்பதையும், ஆசிரியர் வேறு முறையிற் குழுக்களை அமைத்தபோது பிரிவு தளர்ந்தது என்பதையும் குறித்தார். இரண்டு உலகங்கள் என்று முடிவு கட்டுவோர் இத்தகைய கூட்டங்களைக் காணாது விடுகின்றனர் என்பது அவர் வாதம். புறநானூற்று முதியவர் நினைவிற் கொண்ட கூட்டமும் அத்தகையதே.

நம் பாடசாலைகளுக்கு இதனாற் கிடைக்கும் படிப்பினை யாது? காலைக் கூட்டத்தில் ஆண் ஒரு வரிசை, பெண் ஒரு வரிசை. வகுப்பில் ஆண் ஒரு பக்கம், பெண் ஒரு பக்கம். போட்டி வைப்பின் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே. இவை வசதி கருதி நாம் செய்வன. ஆயினும் ஒவ்வொரு நாளும் இவற்றைக் காணும் ஐந்து வயதுப் பிள்ளை, தன் தோழமைக்கு எல்லை இதுவே என்று கற்றுக்கொள்கின்றது. பின்னர், கொக்கான் வெட்டவரும் சிறுவன் நகைக்கப்படுகின்றான். கிளித்தட்டில் இடங்கேட்கும் சிறுமி விரட்டப்படுகின்றாள். அவ்விருவரும் தம் பாலாரிடத்தும் எதிர்ப்பாலாரிடத்தும் இடமின்றி நிற்பர். எட்டாம் பருவத்து வேலியைக் கட்டிய பாட்டியலார் ஏட்டளவில் நின்றனர். நாம் அதனை முற்றத்திலே கட்டுகின்றோம். உயரம், பிறந்த திங்கள், பெயரின் முதலெழுத்து என வரிசைக்கு வழிகள் எத்தனையோ உள.

இதனினும் இன்றியமையாதது ஒன்றுண்டு. சிறுமி ஒருத்தி தான் கட்டியதை ஒருவன் குலைத்தான் என்று முறையிடுமிடத்து, ஆண்பிள்ளை அப்படித்தான் என்றோ, உன்மேல் உள்ள பிரியத்தாற் செய்கின்றான் என்றோ கூறி அவளை அனுப்பிவிடுதல் நம்மிடைப் பெருவழக்கு. இது சிற்றிற் பருவத்தின் சுவையை வகுப்பறைக்குக் கொண்டுவருதலேயாகும். அங்கே அழிப்பவன் கடவுள். இங்கே அழிப்பவன் நாம் திருத்தவேண்டிய மாணவன். வாயாற் கூறிய சொல் பயன்படும் என்னும் நம்பிக்கையை அவள் இழப்பாளாயின், பின்னர் எத்துணைச் செய்யுள் கற்பித்தும் அதனை மீட்டுத்தரல் அரிது. அவனும் இழப்பது சிறிதன்று. கேட்டறியும் ஆற்றலைப் பெறாத ஒருவனை நட்புக்கு உரியவனாகத் தோழர் நெடுங்காலம் கொள்ளமாட்டார்.

பிள்ளைத்தமிழைப் பாடத்தினின்று விலக்குக என்று நாம் கூறவில்லை. அதன் சொல்வளமும் ஓசையும் நம் பிள்ளைகளுக்கு உரிய முதுசொம். சிற்றிற் பருவத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், பாட்டின் நயத்தை விளக்கிய பின்னர், இச்சிறுமியர்க்குத் தலைவன் என்ன மறுமொழி கூறியிருத்தல் வேண்டும் என்று வகுப்பை வினவலாம். உரைநடையிலோ விருத்தத்திலோ அம்மறுமொழியை ஆண்பிள்ளைகளே எழுதுவாராக. அதனைப் பெண்பிள்ளைகள் படித்து, ஏற்கத்தக்கதா எனக் கூறுவாராக. புலவர்கள் எழுதாது விட்ட அப்பதினோராம் பாட்டு நம் மாணவர் கையால் எழுதப்படுதல் நன்று.